கோர்தோபாவில் ஒரு மொட்டைத் தலை

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டை அடித்த பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே பாதித் தலைகள் அப்படித்தான், சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும். இந்த ஸ்பெயின் ஊரில் என் தலையை எல்லோரும் பார்க்கிறார்கள், பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏன் என்று நேற்று எனக்கு விளங்கவில்லை.

மகளுக்கு மாட்ரிட்டில் வேலை. "எனக்கு லீவு இல்லமா, நீ ரெண்டு நாள் கோர்தோபாவ சுத்திப் பார்த்துக்கினு வா" என்று ரயிலேற்றிவிட்டாள். பாலம், கோட்டை, பூந்தொட்டி மாட்டிய சந்துகள் எல்லாம் பார்த்தாயிற்று. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பழைய மசூதியின் முற்றத்தில், ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் வயதான அம்மாள் என் தலையைக் காட்டி, மெதுவாக, "கான்தெர்?" என்கிறார். கேன்சர்தான், அந்த நோயின் பெயர் எனக்கும் புரிகிறது.

"அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்லமா. பொண்ணுக்கு வெளிநாட்டுல வேல கெடைக்கணும்னு ஏழுமலையான வேண்டிக்கினேன். கெடச்சிடுச்சி. அதான் முடி குடுத்துட்டு வந்தேன்" என்கிறேன், சித்தூரில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கண் கலங்கி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். விமான நிலையத்தில் மகள் கட்டிக்கொண்ட பிறகு என்னை யாரும் தொட்டதில்லை.

இல்லை என்று தலையை ஆட்டினால் போதும், புரிந்துகொண்டு கையை விட்டுவிடுவார்.

நான் தலையை ஆட்டவில்லை.