தீர்மான நோட்டும் ஆறு மணி பஸ்ஸும்

மகளிர் குழுவுல தீர்மான நோட்டு எழுதுறதுங்கிறது, பன்னெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுறத ஒரே வரியில எழுதுற வேலை. நான் அதை பத்து வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன். எங்க ஊரு அரிமளத்துக்குப் பக்கம். புதன்கிழமை மூணு மணிக்குச் சமுதாயக்கூடத்துல கூட்டம். சேமிப்பு, வங்கிக் கணக்கெல்லாம் வேற ஒருத்தி பாத்துக்கிறா. என் தலையில விழுந்தது இந்த நீள நோட்டு மட்டும்தான். ப்ளஸ் டூ பாஸ் பண்ணுன ஒரே குத்தத்துக்காக எந்தெந்த ஊருலயோ இதே மாதிரி நோட்டுல மாட்டிக்கிட்டு முழிக்கிற அக்கா தங்கச்சிகளே, நான் பட்ட பாடு ஒங்களுக்குத்தான் புரியும்.

பிரியாணித் தீர்மானம்

எங்க குழுவுல எதை வாசிச்சாலும் "சரி"ன்னு சொல்லிருவாங்க. நான் வாசிக்கும்போது ஒருத்தி பக்கத்துல இருக்கறவ புடவை முந்தானையத் தடவிப் பாத்துக்கிட்டு இருப்பா, இன்னொருத்தி போன்ல பேத்திய மிரட்டிக்கிட்டு இருப்பா. கடைசியில "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது"ன்னு நான் சொன்னதும் கோரஸா ஒரு சரி. நோட்டு கை மாறும், கையெழுத்து விழும், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நாள் பத்திக்கிட்டு வந்துச்சு. "அடுத்த கூட்டத்துக்கு நமது தலைவி மல்லிகா அவர்கள் தன் கையால் அனைவருக்கும் கோழி பிரியாணி செய்து கொண்டு வருவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு எழுதி, சத்தமாவே வாசிச்சேன். எல்லாரும் சரின்னாங்க. அதுல பெரிய சத்தம் மல்லிகா அக்காவோடதுதான். மொதக் கையெழுத்தும் அவுகதான் போட்டாக.

அடுத்த புதன்கிழமை, "எங்கக்கா பிரியாணி?"ன்னு நோட்டைத் திறந்து காட்டுனேன். கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சாக. கூடமே சிரிச்சுச்சு. மனுசி ரோசக்காரி, அதுக்கு அடுத்த வாரம் ஒரு குண்டான் நிறைய எலுமிச்சஞ்சோறு கிண்டிக் கொண்டாந்து டங்குனு வச்சாக. வச்சுட்டு என்னைப் பாத்துச் சொன்னாக: "அடிப்பாவி, ஒம் மூஞ்சியப் பாத்தா பொய் எழுதுற மூஞ்சியாவா இருக்கு? நம்பித்தானடி கையெழுத்துப் போட்டேன்!"

புஷ்பம் பேசுன நாள்

எங்கள்ல புஷ்பம்னு ஒருத்தி. கதவோரமா உக்காருவா. குழுவுல சேந்து ஆறு வருஷத்துல "சரிக்கா"வத் தவிர அவ வாயிலேர்ந்து நான் ஒண்ணும் எழுதுனதில்ல. புருஷன் முருகேசன் துபாயில கட்டட வேலை. மாமியாருக்கு வாதம் வந்து படுக்கையில கெடக்கு. ஒரே மக திவ்யா, ப்ளஸ் டூ முடிச்சிருந்தா.

இந்த ஆனி மாசத்துல ஒரு கூட்டத்துல புஷ்பம் கையெழுத்துப் போட்ட எடத்துல நோட்டு நனைஞ்சு மை கலைஞ்சிருச்சு. ஏன்டி அழுவுறன்னு கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீத்துட்டா. திவ்யாவுக்குப் புதுக்கோட்டைக் காலேஜ்ல சீட்டுக் கெடச்சிருக்கு. ரெண்டு வாரத்துல சேரணும். காலையில போறதுக்கு வேலைக்குப் போற சனத்தோட போயிரலாம். சாயந்தரம்தான் வினை. ஆறு மணி பஸ்ஸு மெயின் ரோட்டுலேர்ந்து எங்க ஊருக்குப் பிரியுற விலக்குல எறக்கி விட்டுட்டுப் போயிரும். அங்கிருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர், முழுக்கத் தைலமரக் காடு. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. பகல்லயே நாங்க சோடி சேந்துதான் போவோம். புஷ்பம் போய்க் கூட்டியாரலாம்னா, அந்நேரம் மாமியாருக்குச் சோறூட்டணும், விட்டு நகர முடியாது. "படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்"னு துபாயிலேர்ந்து உத்தரவு வந்துருச்சு.

அப்பறம் நடந்ததுதான் எங்க கூட்டம். ஹாஸ்டல்ல சேத்துருன்னா ஒருத்தி. ஸ்கூட்டி ஓட்டப் பழகுன்னா ஒருத்தி. அங்கிருந்து பேச்சு ஸ்கூட்டியில விழுந்து காலை ஒடிச்ச யாரோ ஒரு டீச்சருக்குப் போயி, எலும்பு கட்டுற வைத்தியருக்குப் போயி, அவரு மக கல்யாணத்துக்குப் போயிருச்சு. நான் பேனாவ மூடிட்டேன். ஆடு வளக்குற ராசாத்திதான் புஷ்பத்துக்கிட்ட நகந்து உக்காந்து கண்ணத் தொடச்சு விட்டா. தொடச்சுக்கிட்டே சொன்னா: "அழுதாத்தான் பேசுவேன்னா முன்னமே ஒன்னைய அழ வச்சிருப்போமேடி!"

ஒரு மனு, ஒரு பஸ்ஸு

பஸ்ஸையே ஊருக்குள்ள வர வச்சுட்டா? அப்படின்னு மனு எழுதச் சொன்னாங்க. யாரு எழுதுறது? இந்தப் பாவிதான். ஆளாளுக்கு ஒண்ணைச் சொன்னாங்க. பஸ்ஸு வேணும்னு ஆரம்பிச்ச மனுவுல தெருவிளக்கு வந்துச்சு, குழாயில தண்ணி சொட்டுறது வந்துச்சு, மல்லிகா அக்கா வீட்டு வாசல்ல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குற நாயும் வந்துச்சு. நாலு பக்கம்.

அஞ்சு பேராக் கெளம்பிப் புதுக்கோட்டை பஸ் டிப்போவுக்குப் போயிக் குடுத்தோம். அங்க இருந்த சாரு நல்ல மனுசன். உக்காரச் சொல்லி, நாலு பக்கத்தையும் பொறுமையாப் படிச்சாரு. ஒங்க ஊரு ரோட்டுல பஸ்ஸு திரும்ப எடம் இல்லைங்கம்மா, வந்து அளந்து பாக்கணும், மாசக்கணக்குல ஆகும்னு உள்ளதைச் சொன்னாரு. எங்க கையில இருந்தது ஒரு வாரம். நாங்க எந்திரிச்சப்ப மனுவத் திருப்பி நாய் இருந்த பக்கத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "அம்மா, ஒரு பஸ்ஸுல இம்புட்டையும் ஏத்துனா அது எங்கிட்டு நகரும்?"

ஸ்பீக்கர்ல துபாய்

அடுத்த புதன்கிழமை. திங்கக்கிழமை காலேஜ்ல சேரணும், இல்லாட்டி சீட்டு வேற புள்ளைக்குப் போயிரும். மல்லிகா அக்காதான் சொன்னாக: "பஸ்ஸு வராட்டிப் போகுது, நாம போவோம். தெனம் ரெண்டு பேரு விலக்குல நின்னு புள்ளையக் கூட்டியாருவோம்." எல்லாரும் சரின்னாங்க. சரி சொல்றதுக்குக் கேக்கணுமா?

துபாயில அப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம். முருகேசன் தம்பிக்கு வீடியோ கால் போட்டு ஸ்பீக்கர்ல வச்சோம். கையில சோத்துத் தட்டோட வந்துச்சு. பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துனோம். நாங்க இருக்கோம், நாங்க பாத்துக்குறோம், நீ கவலைப்படாத தம்பின்னு ஒரே ரகளை. அது சோத்தைப் பிசையாம கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

எல்லாரும் ஓஞ்ச பெறகு மெதுவாச் சொன்னுச்சு: "கோவிச்சுக்காதீங்கக்கா. போன வருசம் எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்னு இதே மாதிரிதான் பன்னெண்டு பேரும் சரின்னீங்க. அடுத்தவ போவா, அடுத்தவ போவான்னு ஒருத்தரும் போகல. இப்ப நான் எதைக்கா நம்புறது?"

முடியாது

போனை வச்ச பெறகு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. எனக்கு மானம் போயிருச்சு. அந்த ஆஸ்பத்திரித் தீர்மானத்தையும் நான்தான் ஏகமனதாகன்னு எழுதியிருந்தேன். மல்லிகா அக்கா தொண்டையச் செருமிக்கிட்டு, "அது போன வருசம். நீ எழுதுடி செல்வி, ஏகமனதாகன்னு எழுது"ன்னாக. நான் பேனாவ நோட்டுல வச்சேன்.

"எழுதாதீங்கக்கா. எனக்குச் சம்மதமில்ல."

யாரு பேசுனதுன்னு தேடுனோம். கதவோரமா புஷ்பம் எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்தா. "எல்லாரும் சரின்னு சொல்லாதீங்க. யாரால எந்தக் கெழமை முடியாது, எதுனால முடியாதுன்னு சொல்லுங்க. முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்றவங்கள நம்பித்தான் எம் புள்ளைய அனுப்புவேன்"னா.

மொதல்ல ராசாத்திதான் பேசுனா. மழை பெஞ்சா எனக்கு முடியாது, ஆட்டுக் கொட்டகை ஒழுகும்னா. மல்லிகா அக்கா செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போகணும், முடியாதுன்னாக. மூட்டுவலிக்காரி சரோசா அக்கா, என்னால அம்புட்டுத் தூரம் நடக்கவே முடியாது, ஆனா ஒம் மாமியாரப் பாத்துக்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பேன், வெள்ளிக்கிழமை நீயே போயிட்டு வான்னாக. கடைசியில எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. கழுத்துல கத்திய வச்ச மாதிரி இருந்துச்சு. "எனக்கு அந்தக் காடுன்னா சின்னப் புள்ளையிலேர்ந்து பயம். தனியாப் போகச் சொன்னா முடியாது"ன்னு சொல்லிட்டேன். யாரும் சிரிக்கல.

பத்து வருஷத்துல மொத தடவையா என் நோட்டுல ஒரு பக்கம் முழுக்க "முடியாது" எழுதுனேன். அது போக மிச்சம் இருந்த கெழமையில ஆளுகளைச் சோடி சோடியாப் போட்டு அடுத்த பக்கத்துல கட்டம் போட்டேன். ரெண்டு பக்கத்தையும் போட்டோ புடிச்சுத் துபாய்க்கு அனுப்புனோம். ராத்திரிச் சோறு ஆக்குற நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "கட்டம் போட்ட பக்கத்தை விடுங்கக்கா, முடியாதுன்னு எழுதுன பக்கத்தை நம்புறேன். புள்ளையச் சேத்து விட்ருங்க."

ரெண்டு கிலோமீட்டர் பாடம்

திவ்யா தாவரவியல்ல சேந்தா. நாங்க விலக்குல நின்னோம். நிக்கிற எடத்துல நெழலும் இல்ல, உக்காரக் கல்லும் இல்ல, ஆனா பேச்சுக்குக் கொறைச்சலா? ஒரு மாசத்துல பக்கத்து ஊருப் புள்ளைக ரெண்டு பேரு எங்க சோடியப் பாத்து, அத்தை நாங்களும் வாரோம்னு சேந்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் அதுக சுத்துவழியில போயிக்கிட்டு இருந்துச்சுக.

சும்மா நடப்போமா நாங்க? இன்னிக்கு என்ன பாடம், நேத்துச் சொன்னது என்னன்னு வழி நெடுகக் கேள்விதான். எலை எப்படி வெயில வச்சுச் சோறாக்குதுன்னு திவ்யா சொல்லச் சொல்ல, ராசாத்தி ஒவ்வொரு தைலமரமா நிறுத்தி, இதுக்கும் அப்படியா, அப்ப ராத்திரி அது பட்டினியான்னு கேப்பா. ஒரு நாள் திவ்யா பையத் தோளு மாத்திக்கிட்டே என்கிட்டச் சொன்னா: "பரீட்சைக்கு நான் தனியாப் படிக்க வேண்டாம் அத்தை, காலேஜ்ல கூட என்னைய இம்புட்டுக் கேள்வி கேக்கல!"

மழை பெஞ்ச அன்னிக்கு

ஐப்பசியில ஒரு சாயந்தரம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. கரண்டு போயிருச்சு, டவரும் போயிருச்சு. நோட்டைத் திறந்து பாத்தேன். அன்னிக்கு ராசாத்தியும் மல்லிகா அக்காவும். ராசாத்திக்கு மழைன்னா முடியாதுன்னு என் கையெழுத்துலயே எழுதியிருக்கு. மல்லிகா அக்கா காலையில கறம்பக்குடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனவுக, இந்த மழையில எப்படித் திரும்பியிருப்பாக? அந்தப் புள்ளைக எறங்கி நின்னு ரோட்டைப் பாக்கும், யாரும் இருக்க மாட்டோம்.

டார்ச்சையும் குடையையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஆமாங்க, நான்தான், தனியாத்தான், அந்தக் காட்டுக்குள்ளதான். கணுக்கால் தண்ணியில செருப்பு ஒண்ணு போயிருச்சு. குலசாமியக் கூப்புட்டுக்கிட்டே ஓடுனேன். பயம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், பயந்துக்கிட்டேதான் ஓடுனேன்.

விலக்குக்கிட்டப் போனா, ரோட்டோரமா கறுப்பா ஒரு கூட்டம் நிக்குது. உசுரே போயிருச்சு. டார்ச்ச அடிச்சா, தலையில உரச்சாக்கைக் கவுத்துக்கிட்டு ராசாத்தி. பக்கத்துல பட்டுச்சேலைய முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கிட்டு மல்லிகா அக்கா, விசேஷ வீட்டுலேர்ந்து நேரா வந்திருக்காக. அவுகளுக்குப் பின்னாடி மத்தவங்க அத்தனை பேரும். புஷ்பமும் நிக்கிறா, சரோசா அக்கா வலிக்கிற மூட்ட இழுத்துக்கிட்டு அவ மாமியாருக்கிட்ட வந்து உக்காந்துக்கிட்டாகளாம். என்னோட சேத்துப் பதினோரு பேரு. நீ எதுக்குடி வந்தன்னு ஒருத்திய ஒருத்தி கேக்குறோம், எல்லாருகிட்டயும் ஒரே பதில்தான், மழையில இன்னிக்கு ஆளு வராதுன்னு நெனச்சேன். போன வருசம் அடுத்தவ போவான்னு ஒருத்தியும் போகல. இன்னிக்கு அடுத்தவ வரமாட்டான்னு மொத்தக் குழுவும் வந்து நனைஞ்சுக்கிட்டு நின்னோம். எனக்கு அழுகை வந்துருச்சு, மழையில யாருக்கும் தெரியல.

பஸ்ஸு லைட்டு தெரிஞ்சதும் எல்லாரும் ரோட்டுக்கு வந்து கையக் காட்டுனோம். டிரைவரு தூரத்துலயே பிரேக்கைப் போட்டாரு. கண்டக்டரு படியில நின்னு, சாக்கும் குடையுமா நிக்கிற எங்களப் பாத்து மெரண்டு போயிட்டாரு. அவரு கைக்குக் கீழ தலைய விட்டுப் பாத்த திவ்யா, சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம நின்னுச்சு. கண்டக்டரு மழையத் தாண்டிக் கத்துனாரு: "என்னங்கம்மா, மழையிலயும் மறியலா? எங்க பஸ்ஸு என்னங்கம்மா பாவம் பண்ணுச்சு?"

பத்து வருஷத்துல எங்க குழுவுல நெசமாவே ஏகமனதா நடந்தது அந்த ஒரு கூட்டம்தான், அதைப் பத்தி என் நோட்டுல ஒரு வரியும் இல்ல, ஒரு கையெழுத்தும் இல்ல.