நெற்றியில் ஒரு கிழிசல்

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். வாசலிலேயே நின்று படித்து, குறுக்கே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு சின்ன அச்சகத்தில் அந்தப் பத்திரிகைகளுக்குக் கறுப்புப் பட்டை போட்டவள் நான்.

வேலை இதுதான். கண்ணாடித் துண்டின்மேல் கொஞ்சம் மை வைத்து ரப்பர் ரோலரால் இழுக்க வேண்டும். மை அதிகமானால் ரோலர் சளசளவென்று வழுக்கும். சரியாகப் பரவிவிட்டால் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் அட்டையின் நடுவைத் தகட்டால் மறைத்துக்கொண்டு ஓரத்தில் ஒரே உருட்டு. கல்யாணத்துக்கு மஞ்சள், சாவுக்குக் கறுப்பு. காலையில் மஞ்சள் உருட்டின கையாலேயே சாயங்காலம் கறுப்பு உருட்டுவேன். யார் செத்தார், எப்படிச் செத்தார் என்றெல்லாம் பார்த்ததே இல்லை. வேலை வேலைதான்.

என் அண்ணன் செத்தது எங்கள் கழனிக் கிணற்றில். எண்பதுகளின் தொடக்கம், ஏரி காய்ந்துபோன ஒரு கோடை. தூர் எடுக்க வந்த ஆட்கள் கிணற்றின் பக்கச் சுவர் வெடித்திருப்பதைப் பார்த்து, இறங்கமாட்டோம் என்று போய்விட்டார்கள். அப்பாவுக்கு ரோஷம். நம் கிணற்றில் நாம் இறங்க என்ன பயம் என்று அண்ணனை இறக்கிவிட்டார். மண் சரிந்துவிட்டது. அண்ணி அப்போது ஆறு மாத கர்ப்பம்.

அண்ணனுக்கு இருந்தது ஒரே போட்டோ, கண்டக்டர் லைசென்சுக்காக எடுத்தது. பத்திரிகையில் படம் போடுவதற்காக அதை மெட்ராசுக்கு அனுப்பி, அச்சடிக்க உலோகத் தகட்டில் பிளாக் செய்தார்கள். பிளாக் வந்தது, போட்டோ வரவில்லை. துக்க வீட்டில் யார் அதைக் கேட்பது? அந்தப் பத்திரிகைக்கு எங்கள் அச்சகத்தில் வேறு யாரோ பட்டை உருட்டியிருந்தார்கள். கோணல். அந்த அழுகையிலும் அது என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வழக்கப்படி கிழித்தார்கள். மிச்சத்தை அப்பா எரித்தார். அண்ணன் முகமும் அதோடு போய்விட்டது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அது தவழத் தொடங்கின சமயம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கண்ண மூடினா அவுரு சட்ட வருது, நடை வருது. மொகம் வரமாட்டேங்குது. நாளைக்கு இந்தப் பொண்ணு கேட்டா நான் இன்னாத்தக் காட்டுறது?”

அண்ணி அதிகம் பேசாதவள்.

மறுநாள் அச்சகத்தில் பழைய பிளாக்குகள் கிடக்கும் டின்னைக் கவிழ்த்துத் தேடினேன். காய்ந்த மை அப்பிப்போய், அண்ணன் இருந்தான். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். வீட்டுக்குள் இனி கறுப்பு அச்சு வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்; அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் சிவப்பு மை உருட்டி, காகிதத்தை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தேன். அழகாகத்தான் விழுந்திருந்தது. அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். “ரத்தமா கீது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. மஞ்சள் உருட்டிப் பார்த்தேன், முகமே தெரியவில்லை.

வழக்கமாவது மண்ணாவது என்று கடைசியில் கறுப்பையே எடுத்தேன். மை கொஞ்சம் கூடினாலும் பிளாக்கில் இருக்கும் புள்ளிகள் அடைத்து முகம் கரிக்கட்டை ஆகிவிடும். வழித்து வழித்து, ரோலரில் மை இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெலிதாக உருட்டினேன். உரித்தபோது அண்ணன் என்னைப் பார்த்தான். புருவத்துத் தழும்புகூட இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மை காய்ந்ததும் சுருட்டி, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோனேன். வாசலில் அப்பா. இன்னாது அது என்று பிடுங்கிப் பிரித்தார். கறுப்பைப் பார்த்ததுமே கை தானாகக் கிழிக்கத் தொடங்கிவிட்டது. எத்தனை பத்திரிகை கிழித்த கை. மேலிருந்து நெற்றிவரை வந்து நின்றது. அப்போதுதான் யார் முகம் என்று பார்த்திருக்கிறார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவன்றைக்குக்கூட அழாத மனுஷன், தெருவே பார்க்க அழுதார்.

சோற்றுப் பசை தடவி ஒட்டினவரும், கூடத்துச் சுவரில் மாட்டினவரும் அவரேதான். ஒட்டியும் கோடு போகவில்லை. வேறொன்று எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

குழந்தைக்குப் பேச்சு நன்றாக வந்த பிறகு, ஒரு நாள் அவர் தோளில் உட்கார்ந்தபடி எட்டி அந்தப் படத்தைத் தொட்டாள்.

“தாத்தா, அப்பாவுக்கு நெத்தியில இன்னா காயம்? யாரு பண்ணது?”

அடுப்படியில் அண்ணியின் கை நின்றது. அது காயம் இல்லை, காகிதம் கிழிந்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“நான் தாம்மா.”

படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பின்கதவு வழியாக, கழனி இருக்கும் பக்கம் பார்த்துச் சொன்னார்.