நாகலிங்கத்தின் சொந்த ஊர்

போன வாரம் எங்கள் மயிலாப்பூர் அபார்ட்மென்டில் ஒரு நாகலிங்கக் காய் விழுந்தது. தேங்காய் அளவு காய். விழுந்த இடம், செயலாளர் ராமதுரை புதிதாக வாங்கிய காரின் முன் கண்ணாடி. கேட்க வேண்டுமா?

"சார், மரத்தை வெட்டியே ஆகணும். ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டுட்டேன்" என்றார்.

என் பால்கனிக்கு இருக்கிற ஒரே நிழல் அந்த மரம்தான். "சிவன் பூ சார்... புராண காலத்து மரம்" என்று கெஞ்சினேன். மசியவில்லை. மரத்தின் மகிமையை எங்காவது எழுதிப் போட்டிருந்தால் நம்புவார் என்று, தேனாம்பேட்டைப் பக்கம் இருக்கும் பழைய தாவரத் தோட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். மண்டையைப் பிளக்கும் வெயில். எனக்கு இதெல்லாம் தேவையா?

அங்கே ஒரு பெரிய நாகலிங்கம். பக்கத்தில் பெயர்ப் பலகை. ராமதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். தாயகம்: தென் அமெரிக்கா.

"பாத்தேளா? ஃபாரின் மரம்! நீங்க என்னமோ புராணம்னேளே... வெட்டினா ஒரு பாவமும் இல்லை."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்த மாதிரித் தோட்டங்கள்தான் சோதனைக்கூடம். எந்தச் செடி எந்த ஊரில் பிழைக்கும், எதில் காசு பார்க்கலாம் என்று நட்டு நட்டுப் பார்த்தார்கள். ரப்பர், மலேரியா மருந்துக்கான சின்கோனா எல்லாம் அப்படி ஊர் மாறியவைதான். நாகலிங்கமும் கடல் கடந்து வந்தது. நாம் பூவுக்குள் லிங்கத்தைப் பார்த்தோம் — கோயிலில் சேர்த்துக்கொண்டோம். வருஷத்துக்கு வருஷம் கொதிக்கும் இந்த ஊரில் இனி எந்த மரம் தாங்கும் என்று சொல்லவும் அதே தோட்டங்கள்தான் வேண்டும். ஆனால் வெளியே நாம் வெட்டிக்கொண்டே போனால், தோட்டம் யாருக்குச் சொல்வது? பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

ஞாயிறு மீட்டிங். "இது வெளிநாட்டு மரம். இங்க அதுக்கு என்ன வேலை?" என்றார் ராமதுரை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவர் மனைவி ஜெயா மாமி, பிரதோஷத்துக்கு அந்த மரத்தில் பூ எடுப்பவர், பின் வரிசையிலிருந்து கேட்டார்.

"ஏன்னா, நம்ம பொண்ணு எத்தனை வருஷமா நியூஜெர்சில இருக்கா? 'இங்க உனக்கு என்ன வேலை'ன்னு அங்க ஒருத்தன் அவளைக் கேட்டான்னு நீங்க ராத்திரி சாப்பிடாம படுத்துண்டேளே?"

ராமதுரை மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

மரம் அங்கேயே நிற்கிறது... கார்தான் இடம் மாறிவிட்டது.