அன்னாள் வீட்டுக் கதவு எண்

அம்மாபேட்டை அன்னாள், அரசு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும். 1965-ல் ஒரு காலை, ரேஷன் கார்டு கொடுக்கும் அலுவலகத்தில் அது நன்றாகவே தாழ்ந்தது.

கூட நின்றவள் சௌந்திரம். புருஷனை ரங்கூனில் புதைத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவள். பர்மா அகதிகள் முகாமில் புருஷனுடைய பூர்வீகத்தைக் கேட்டு வெண்ணந்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே கொழுந்தன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட மகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவளைத் தன் ஒற்றை அறைக்கு அழைத்துப்போனவள் அன்னாள்தான்.

"கதவு நம்பர் இல்லாம கார்டு இல்லம்மா," என்றார் குமாஸ்தா சுப்பையன், மூன்றாம் முறையாக.

"ஊடு கேட்டா, கார்டு இருக்குதான்னு கேக்கறாங்க," என்றாள் சௌந்திரம்.

"அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்னாள் நகரவில்லை.

"ஏனுங்க, கதவு நம்பர் இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் பசிக்குமுங்களா? என்ற ஊட்டு நம்பரை எழுதுங்க. இவ என்ற தங்கச்சி."

சுப்பையன் அவள் கழுத்துச் சிலுவையையும் சௌந்திரத்தின் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொய்யின்னா என்னைய ஜெயில்ல போடட்டும். எழுதுங்க."

எழுதினார்.

சேதி வீட்டுச் சொந்தக்காரர் கைலாசத்துக்கு எட்டியது. "கண்டவங்களுக்கும் என்ற ஊட்டு நம்பரா? காலி பண்ணிரு," என்றார். பன்னிரண்டு வருஷம் குடியிருந்த வீடு. அன்னாள் கெஞ்சவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் பங்குச் சாமியார் குடியிருக்க விட்ட ஓலைக் கொட்டகையில் எல்லோருமாகக் குடியேறினார்கள். அதற்கு ஒரு கதவு எண் வாங்க ஐந்து மாதம் அலைந்தாள்.

சௌந்திரத்துக்குத் தறிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்தக் கொட்டகை எண்ணில், அவளைப் போலக் கப்பலேறி வந்த இன்னும் ஏழு குடும்பங்கள் கார்டு வாங்கின.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ரங்கூனிலிருந்து புதிதாய் வந்த ஒரு கிழவர் துண்டுச் சீட்டு நீட்டினார். 'அன்னாள், மாதா கோயில் பின்புறம்' என்றிருந்தது. சுப்பையனின் கையெழுத்து.

சீட்டோடு நேரே அவரிடம் போனாள்.

"உங்களாலதானம்மா ஆகுது, அதான் அனுப்புனேன்," என்றார் அவர்.

"எங்கிட்ட அனுப்பறதுக்காங்க உங்களை இங்க நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்குது?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சீட்டுகள் நிற்கவில்லை. வந்த ஒருவரைக்கூட அன்னாள் திருப்பி அனுப்பியதில்லை. சுப்பையனைக் கடைசிவரை அவள் மன்னிக்கவுமில்லை.