சும்மா கிடக்க வேண்டிய நிலம்

ஊரில் அவருக்குத் துறுதுறு என்று பெயர். வயது அறுபத்திரண்டு ஆகியும் பெயர் மாறவில்லை, ஏனென்றால் கை மாறவில்லை. விருந்துக்குப் போன வீட்டிலும் ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் அரசாங்கம், மூன்று வருடம் நிலத்தைத் தொடாமல் இருந்தால் மானியம் தருகிறேன் என்றது. மண் களைத்துவிட்டதாம், ஓய்வு வேண்டுமாம். உழக்கூடாது, விதைக்கக்கூடாது, புல்லும் பூண்டும் தானாக வளர்ந்து மூட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பணம் வரும். துறுதுறு இதற்குச் சம்மதித்த காரணம் ஒன்றுதான்: மனைவியின் முழங்கால். சுவரைப் பிடிக்காமல் அவளால் சமையலறைவரைகூடப் போக முடியவில்லை. கையிலிருந்த சேமிப்போடு முதல் வருட மானியம் சேர்ந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம்.

முதல் மாதம் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். இரண்டாம் மாதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி ஓடாமல் செய்தார். மூன்றாம் மாதம் சுத்தமாக இருப்புக் கொள்ளவில்லை. சும்மா வரப்புவரை நடந்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். ஒரு களை கண்ணில் பட்டது. ஒன்றுதானே என்று பிடுங்கினார். இந்த 'ஒன்றுதானே' இருக்கிறதே, அது யாரைத்தான் சும்மா விட்டிருக்கிறது? நான் உழவும் இல்லை, விதைக்கவும் இல்லை என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு, நாற்பது நாளில் இரண்டு ஏக்கரையும் துடைத்து வைத்துவிட்டார்.

ஆய்வாளர் வந்து பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன ஐயா இது? நாளைக்கே விதைக்கலாம் போல இருக்கே!"

"களை மட்டுந்தான் எடுத்தேன் சார். பாக்க சகிக்கல."

"அந்தக் களை நிக்கறதுக்குத்தான் பணமே தர்றாங்க!"

துறுதுறுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வாளர் நல்லவர். ஆறு வாரம் கழித்து வருகிறேன், அப்போதும் இப்படி மொட்டையாகக் கிடந்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க கையக் கட்டிப் போட்டாத்தான் என் கால் நடக்கும் போல!" அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் அழுகை வந்தது.

மழையும் அந்த நேரம் பார்த்துக் கழுத்தறுத்தது. வேறு வழியில்லாமல் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். நாற்பது வருடம் வேரோடு பிடுங்கி எறிந்த கோரை முளைக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மறுபடி ஓடினார்.

"என்ன அண்ணே, களைக்கா தண்ணி ஊத்துறீங்க?" என்றார் பக்கத்து நிலத்துக்காரர்.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போப்பா."

ஆய்வாளர் வருகிற நாளில் புல் முழங்கால் உயரம் நின்றது. மனைவி செருப்பைத் தேடினாள்.

"இந்தக் காலோட எங்க வர?"

"உங்க கைய நம்பி என்னால வீட்ல உக்கார முடியாது."

பக்கத்து நிலத்துக்காரர்தான் தன் வண்டியில் அவளைக் கொண்டுவந்து வரப்போரம் இறக்கிவிட்டார். ஆய்வாளர் படம் எடுத்தபடியே நிலத்தைச் சுற்றினார். துறுதுறுவின் காலடியில் ஒரு களை, விதை வெடிக்கிற பருவத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றது. இன்று விட்டால் நூறாகும். அவர் கை தானாகக் கீழே போனது. மனைவி அதை எட்டிப் பிடித்தாள். மற்றதையும் பிடித்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர்கள் கைகோத்து நின்றதே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கால் நடுங்குவது அவர் கைக்குத் தெரிந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. நீங்க கைய ஆட்டாம நில்லுங்க."

அவர் ஆட்டாமல் நின்றார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார், சிரித்தார், வண்டியேறிப் போனார்.

"அதான் போயிட்டாரே, கைய விடு."

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்குங்க," என்றாள் அவள்.