பொறி தெறிக்கும் விறகு

ஆமத்தூர் விலக்கில், சாலைக்காக வெட்டிப்போட்ட புளியமரத்தைக் காட்டி ஒருவர், "அண்ணே, இது அடுப்புக்கு ஆகுமா?" என்று கேட்டார். "நல்லா எரியும்" என்றேன். அறுத்த மரத்தின் வாசம் அதற்குள் என்னை எம். புதுப்பட்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோயிருந்தது. இப்போது அங்கே அட்டைப்பெட்டிக் குடோன் நிற்கிறது.

எல்லா வீட்டு அடுப்பும் அந்த முற்றத்தில்தான் வரிசையாக இருக்கும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வரும் பெண்கள் சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் மருந்துத்தூளோடு உலை வைப்பார்கள் என்பதால், ஒரு விறகு எவ்வளவு நேரம் நின்று எரியும் என்று பார்க்காமல், பொறி தெறிக்குமா என்றுதான் பார்ப்பார்கள். சீமைக்கருவேலம் அடங்கி எரியும். புளி தெறிக்கும். "சேலையில ஒண்ணு விழுந்தா அம்புட்டுத்தான்" என்று அம்மா அதைத் தொடவே மாட்டாள்.

கம்பெனியில் அறை வெடித்து அம்மா இறந்தபோது, சுடுகாட்டுக்கு வண்டியில் விறகு ஏற்றினார்கள். அம்மாவோடு வேலை பார்த்த பேச்சியம்மாள் அத்தை ஓடிவந்து ஒரு கட்டையை இழுத்துக் கீழே போட்டார்.

"கூறு இருக்காப்பா ஒங்களுக்கு? புளியவா ஏத்துறீக? அவளுக்குப் பொறின்னா பயம்ல!"

புளியங்கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நானும் இறக்கினேன்.