மாமா உப்பு தின்னவில்லை

பிரஷர் நோயாளியின் வயிற்றில் ஸ்டெத்தஸ்கோப் வைத்துக் கேட்கும் டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம்தான் பார்த்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில், என் அக்கா வீட்டுக்காரரைப் படுக்க வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் வெகுநேரம் கேட்டார் ஓர் இளம் டாக்டர். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

மாமாவுக்குச் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை எடை போடும் வேலை. மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. உள்ளூர் டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரே கேள்விதான் — உப்பைக் குறைத்தீர்களா?

குறைத்தாரே! அக்கா கருவாட்டை நிறுத்தினாள், அப்பளத்தை நிறுத்தினாள். அதற்கும் இறங்கவில்லை என்றால்? வெளியே திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்றுதானே அர்த்தம்? வேலை முடிந்து வந்தவரின் சட்டையை மோந்து பார்த்தாள், பஜ்ஜி வாசனை அடிக்கிறதா என்று. "நான் துன்னலடி" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தவர், பிறகு சொல்வதையே விட்டுவிட்டார்.

நான் என்ன செய்தேன்? பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் அவரை 'ஊறுகாய்த் திருடர்' என்று கிண்டலடித்து எழுதினேன். நீங்கள்கூட ரசித்துக் கடிதம் போட்டீர்கள். கமிட்டியில் அவருக்கு அதுவே பட்டப்பெயர் ஆனது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. இரண்டு கிட்னிக்கும் ரத்தம் போகும் குழாய் சுருங்கிக் கிடந்தது; வயிற்றில் டாக்டர் கேட்ட இரைச்சல் அதுதான். ரத்தம் போதவில்லை என்று கிட்னியே பிரஷரை ஏற்றிவிடுமாம். உப்பைக் குறைத்து மட்டும் இது இறங்காது என்றார் டாக்டர். இடது கிட்னி ஏற்கெனவே சூம்பிவிட்டது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால்...

அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நெசமாவே அவுரு துன்னலியா டாக்டர்?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

தொடை வழியாகக் கம்பி விட்டு, வலது பக்கக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிரஷர் இறங்கியது. ஆனால் மிச்சமிருக்கும் கிட்னி பாதி வேலைதான் செய்யும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால், ஆயுசுக்கும் உப்பு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் எழுதியது தப்பு என்று பத்தியிலேயே எழுதுகிறேன் மாமா என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேன்."

"அப்டின்னா ஒரு நாளு... ஒரே ஒரு நாளு, உப்பு போட்டு கொழம்பு வை."

அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம்பிவிட்டோம் மாமா... போடத்தான் முடியாது.